பழைய காரின் பிரேக்கும் அடிப்பாகமும்: எதை மாற்றுவது, எதைப் பூசுவது

பழைய காரை வீட்டிலேயே சரிசெய்ய இறங்குகிறவர்களில் பலர் பிரேக்கை ஒரு வேலையாகவும் அடிப்பாகத்தை இன்னொரு வேலையாகவும் பிரித்துத் திட்டம் போடுகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வேலைதான். பிரேக் பைப்புகள் வண்டியின் அடித்தகட்டை ஒட்டியே போகின்றன, அவற்றைக் கழற்றாமல் துருவை ஒழுங்காகச் சுரண்ட முடியாது, அதோடு சாதாரண பிரேக் ஆயில் சிந்தினால் அரும்பாடுபட்டு அடித்த பெயிண்ட் உரிந்துவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் கழற்றி, அடுத்து அடிப்பாகத்தை முடித்து, பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு பிரேக்கை மாட்டுவதுதான் சரியான வரிசை. கீழே வரும் ஒவ்வொரு தேர்விலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நாளைக்குத் துருவோ கசிவோ வந்தால் அது கண்ணில் படுமா, படாதா?

தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, சமதளத்தில் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். செங்கல், கான்கிரீட் கட்டை எல்லாம் எடை ஏறினால் சட்டென்று நொறுங்கும். அப்புறம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதிவிடும் பழக்கம் நுரையீரலுக்கு ஆபத்து. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

இனி பிரேக் ஆயில். டாட் (DOT) என்ற தர வகைகளில் டாட் 4-ஆ, டாட் 5-ஆ என்ற சண்டை ஓய்வதே இல்லை. டாட் 4 கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி, ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 5 சிலிக்கோன் வகை, 260-லும் 180-லும் நிற்கிறது, ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்ட்டையும் தொடாது. கேட்கும்போது சிலிக்கோன்தான் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே எப்படியோ புகுந்த தண்ணீர் அதில் கலக்காமல் தாழ்வான இடத்தில், பெரும்பாலும் வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் உருளை) அடியில், தேங்கி அந்த ஒரு புள்ளியை அரிக்கும். நுண்ணிய காற்றுக் குமிழ்களையும் அது பிடித்துக்கொள்வதால் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். சீல், ஹோஸ், பைப் எல்லாம் புதிது, வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கும் என்றால் சிலிக்கோன் போடலாம். ஓட்டுகிற வண்டிக்கு டாட் 4 போட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதையே சொல்வேன். மாற்றும்போது வெளியே வரும் ஆயிலின் நிறமே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும். இரண்டையும் கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் 5, அது கிளைக்கால் வகை. பச்சை மினரல் ஆயில் கேட்கும் பழைய சிட்ரோயன்களில் இந்த டாட் வகைகள் எதை ஊற்றினாலும் சீல் எல்லாம் கெட்டுப்போகும், அந்த வண்டிகளின் கணக்கே தனி.

பைப்பில் எனக்குக் குழப்பமே இல்லை. ஸ்டீல் பைப் உறுதியானது, அசலானது, ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் வீட்டுக் கருவியை வைத்து அதன் முனையைக் கசிவில்லாமல் விரிப்பது பெரிய பாடு. வெறும் செம்பு எளிதாக வளையும், அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். மிச்சம் இருப்பது செம்பும் சுமார் பத்து சதவீத நிக்கலும் கலந்த பைப்: கையால் வளைக்கலாம், முனை சுத்தமாக விரியும், உப்புத் தண்ணீர் பட்டாலும் தாங்கும். முனை இரட்டை மடிப்பா, குமிழ் வடிவமா என்று பழைய பைப்பைப் பார்த்து அதே வகையில் செய்ய வேண்டும், மாற்றிச் செய்தால் நட்டு எவ்வளவு முறுக்கினாலும் கசியும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இறுக்கு வளைய இணைப்பை பிரேக் பைப்பில் யாரும் போட வேண்டாம்.

பிரேக் சிலிண்டர்களைப் பொறுத்தவரை, உட்சுவர் வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மாற்றினால் போதும். நகத்தை ஓட்டும்போது குழி தட்டினால், ஹோன் (உட்சுவரைத் தேய்க்கும் கல்) போட்டுத் தேய்த்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். புதிது வாங்குங்கள், கிடைக்காத மாடலென்றால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள்ளே செருகும் குழல்) போடச் சொல்லுங்கள். பெடலோடு இணைந்த பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு பைப்பிலிருந்து காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிப்பதும் ஆபத்து. பிஸ்டன் வழக்கமாகப் போகாத, துருவேறிய பகுதிக்கு சீல் போய்க் கிழியும். பெடலைப் பாதி மட்டும் மிதியுங்கள், இல்லையென்றால் மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் முறையைப் பயன்படுத்துங்கள்.

துரு எடுப்பதில் கிரைண்டர் கம்பி பிரஷ்தான் எல்லோர் கையிலும் இருக்கிறது. வேகமாக வேலை செய்யும், ஆனால் ஆழமான துருவை எடுக்காமல் மேலே பளபளப்பாக்கிவிடும், அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். கம்பிகள் தெறிக்கும், முகத்தை முழுவதும் மூடும் கவசம் கட்டாயம். மணல் பீய்ச்சுவது குழிக்குள்ளும் போய்ச் சுத்தம் செய்யும். ஆனால் மெல்லிய தகடு நெளியும், பெட்டி போன்ற மூடிய பகுதிகளுக்குள் மணல் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும், சிலிக்கா மணலின் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். ஆக, கழற்ற முடிந்த கனமான உறுப்புகளை கார்னெட் போன்ற சிலிக்கா இல்லாத துகளால் பீய்ச்சலாம், பாடியோடு ஒட்டிய தகட்டுக்கு பிரஷ், சுரண்டி, குழிகளில் மட்டும் பாஸ்பாரிக் அமில ஜெல். உலர்பனித் துகளைப் பீய்ச்சும் முறை பழைய தார்ப் பூச்சை அழகாக உரிக்கும், துருவை எடுக்காது. வெல்டிங் தேவைப்பட்டால், குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தின் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

பூச்சில்தான் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். தடித்த கறுப்பு ரப்பர் பூச்சு ஒரே நாளில் அடிப்பாகத்தைப் புதிதாகக் காட்டும். கல் பட்டு ஒரு இடத்தில் விரிசல் விட்டதும் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல், தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே ஒன்றும் தெரியாது. போர்-15 (POR-15) போன்ற, துருவின் மேலேயே அடிக்கும் பூச்சுகள் கல் மாதிரி இறுகும், ஆனால் வழவழப்பான சுத்தமான இரும்பில் சரியாகப் பிடிக்காமல் தோலாக உரிந்து வருவதுண்டு, வெயிலும் ஆகாது. வெறும் இரும்பின் மேல் எபாக்ஸி ப்ரைமர், தகடுகள் சேரும் தையல்களில் சீலர், அதன் மேல் வெளிர் நிறப் பெயிண்ட், கடைசியாக ஒளி ஊடுருவும் மெழுகு என்ற வரிசைக்கு நேரம் அதிகம் பிடிக்கும், மெழுகை அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் எங்கே துரு தலைகாட்டினாலும் டார்ச் அடித்தால் தெரியும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். மூடிய பகுதிகளுக்குள் துளை வழியே மெழுகு பீய்ச்சுங்கள், தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல். டிரம், ஹோஸ், ரப்பர் புஷ் மேல் எதுவும் படக் கூடாது, அவற்றைப் பூச்சுக்கு முன்பே மூடிவிடுங்கள்.

டிரம்மை டிஸ்க்காக மாற்றலாமா என்றும் கேட்பார்கள். சாதாரண வேகத்தில் ஓட்டுகிற இலகுவான வண்டிக்கு, சரியாகப் பொருத்திய டிரம் போதும். அந்தக் காசை இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குச் செலவழிப்பேன். 1968-இல் அமெரிக்கா புதிய கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, அதற்கு முந்தைய பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்றுதான், ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரைக்குப் போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்.