டேஷ்போர்டைக் கழற்றி மாட்டிய பிறகு: 7 ஆண்டுக் காரின் சர்வீஸ் அனுபவம்

நான் 7 ஆண்டுகளாக ஓட்டி வரும் அதே மாடல் காரைப் பழைய வண்டியாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். மைலேஜ், இடவசதி, எஞ்சின் திறன் எல்லாம் அவருக்கு முன்பே தெரியும். இத்தனை நாள் வைத்திருந்தவன் என்ன சொல்கிறான் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவர் கேட்ட நேரத்தில், ஒரே ஏசி வேலையையும் அதற்குப் பிந்தைய கோளாறுகளையும் சேர்த்து என் கார் நான்காவது முறை சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவருக்குச் சொன்ன பதிலையும், அந்தப் பதிலுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

காரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது; ஒருமுறை கூட நடுவழியில் நின்றதில்லை. கிளட்ச் ஒருமுறையும் பிரேக் பேடு இரண்டு முறையும் மாற்றியதைத் தவிர, வழக்கமான ஆயிலும் ஃபில்டரும்தான் செலவு. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அடங்கிப்போகும். அந்த அமைதிக்காகவே இந்தக் காரை வாங்கினேன். பின்னால் நடந்ததில் எனக்கு அத்தனை வலி ஏற்பட்டதற்கும் அந்த அமைதிதான் காரணம்.

தொடக்கம் சாதாரணமானதுதான். ஏசியில் குளிர்ச்சி குறைந்தது. "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மீண்டும் குறைந்தது, மீண்டும் நிரப்பினார்கள். ஏசி கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. இரண்டே மாதத்தில் குளிர்ச்சி போகும் அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். இதை முதல்முறையே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் முறை நான் கேட்ட பிறகுதான் கேஸோடு, புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைக் கலந்து விட்டுப் பார்த்தார்கள். ஏசித் தண்ணீர் வெளியே சொட்டும் குழாயின் வாயில் புற ஊதா விளக்கைப் பிடித்தபோது அந்த நீரில் பச்சை ஒளிர்ந்தது. அப்படியானால் கசிவு டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில்தான்.

என் காரில் கூலிங் காயிலை மாற்ற வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். ஸ்டீயரிங், ஏர்பேக், மீட்டர், ஆடியோ, பக்கத்துத் தூண்களின் பிளாஸ்டிக் உறைகள், அவற்றுக்குப் பின்னால் நரம்புகளைப் போல ஓடும் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றி, வேலை முடிந்த பின் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும். நியாயமாகச் சொன்னால், இந்த வேலையின் கடினமான பகுதியை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். காயிலுடன், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் மாற்றினார்கள். குழாய்களுக்குள் ஈரம் தங்காதபடி அரை மணி நேரத்துக்கு மேல் வேக்கம் போட்டு உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடைக்குச் சரியாக கேஸை அளந்து நிரப்பினார்கள். மாற்றிய பழைய காயிலையும் கேட்காமலே காட்டினார்கள். அன்று முதல் இன்று வரை குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. வண்டியை எடுத்து வந்த மாலையில் மனநிறைவோடுதான் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை, 40 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, பயணி இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் ஓரத்திலிருந்து "டிக்... டிக்... டிக்" என்று ஒரு சத்தம் எழுந்தது. பெரிய சத்தம் இல்லை. கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்தால் கேட்குமே, அவ்வளவுதான். ஆனால் 7 ஆண்டுகளாக அந்தக் காருக்குள் இல்லாத சத்தம். உள்ளங்கையை அந்த மூலையில் வைத்து அழுத்தினால் நின்றது. எடுத்தால் மீண்டும் வந்தது. வண்டி ஓட்டுகிறவன் ஒரு கையை நீட்டி டேஷ்போர்டை அழுத்திக்கொண்டே போக முடியாது. ஒருமுறை காதில் விழுந்துவிட்ட சத்தத்தைக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

காயில் மாற்றியதை முதல்முறை என்று கொண்டால், இரண்டாம் முறை போனேன். சத்தம் எந்த வேகத்தில், எந்தச் சாலையில், எந்த நேரத்தில் வருகிறது, எங்கே அழுத்தினால் நிற்கிறது என்பதையெல்லாம் சர்வீஸ் அட்வைசரிடம் ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். மாலையில், மெக்கானிக்குக்குப் போகும் வேலைக் குறிப்பான ஜாப் கார்டின் நகலை வாங்கிப் பார்த்தபோது, நான் சொன்ன அத்தனையும் "சத்தம் – செக் செய்யவும்" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. கீழே, "டெஸ்ட் டிரைவ் ஓகே." நான் பேசியது ஒருவரிடம்; ஸ்பேனரைப் பிடித்தது வேறொருவர். அவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு வரி மட்டுமே. எந்த மூலை, எந்த வேகம் என்று தெரியாதவரிடம் சத்தத்தைக் கண்டுபிடிக்கவில்லையே என்று கோபித்துக்கொள்வது முறையாகாது. அட்வைசர் மீதுதான் கோபம் வந்தது. அதுவும் "எல்லா வண்டியிலும் இந்தச் சத்தம் இருக்கும் சார்" என்று அவர் சொன்ன பிறகு. எல்லா வண்டியிலும் இருக்கலாம். என் வண்டியில் நீங்கள் கழற்றுவதற்கு முன் இல்லை என்றேன். அவரிடம் பதில் இல்லை.

இன்னொரு செய்தியையும் அன்று நானே தேடித் தெரிந்துகொண்டேன். பிளாஸ்டிக் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். காலையில் பாகங்களுக்கு இடையே விழும் இடைவெளி, வெயிலில் நின்ற வண்டியில் நடுப்பகலுக்குள் அடைபட்டுவிடும். அவர்கள் டெஸ்ட் டிரைவ் போனது பிற்பகல் 3 மணிக்கு. சத்தம் வராததில் வியப்பில்லை. "டெஸ்ட் டிரைவ் ஓகே" என்பது பொய்யும் இல்லை. ஆனால் காலையில்தான் வருகிறது என்று நான் சொன்னதை எழுதியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

மூன்றாம் முறை போனது தண்ணீருக்காக. ஒருநாள் பக்கத்து இருக்கையில் அமர்ந்த என் மனைவி, காலுக்கடியில் ஈரமாக இருப்பதாகச் சொன்னார். மேட்டைத் தூக்கிப் பார்த்தால், கார்பெட்டை விரலால் அழுத்திய இடத்தில் தண்ணீர் ஊறி வந்தது. காயிலின் மேல் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகும். புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் கூடச் சேரும். அந்த நீர் வெளியேற எஞ்சின் பக்கச் சுவர் வழியாக ஒரு சிறு ரப்பர் குழாய் உண்டு. அந்தக் குழாயை அதன் வாயில் முழுமையாகச் செருகாமல் விட்டிருந்தார்கள். செருகுவதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். செருகாததால், கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு மெத்தை பல நாள் தண்ணீரைக் குடித்து நாற்றமெடுத்தது. அதனருகே போகும் ஒயர்களின் கனெக்டர்கள் துருப்பிடிக்கவும் வழி பிறந்தது. குழாயைச் சரிசெய்து, கார்பெட்டை மேலாகத் துடைத்து, "காஞ்சிடும் சார்" என்று வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். இருக்கையை இறக்கிக் கார்பெட்டைத் தூக்கி உலர்த்தவில்லை.

அன்றுதான் இன்னொன்றையும் பார்த்தேன். இந்த அனுபவத்தில் நான் மன்னிக்க முடியாதது அது ஒன்றே. முன்கண்ணாடியின் பக்கத்துத் தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையின் விளிம்பு ஒரு நூலிழை அளவு விலகி நின்றது. வெயில் படும்படி வண்டியைத் திருப்பிப் பார்த்தபோது, விளிம்பின் உள்ளே காய்ந்து வெளுத்த பசை தெரிந்தது. கழற்றும்போது கிளிப்பை உடைத்துவிட்டு, உறையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்த உறையின் மேலேயே "ஏர்பேக்" என்று எழுத்துகள் பொறித்திருக்கின்றன. பசை அதற்கு இரண்டு விரல் கீழே. விபத்தின்போது பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கூரையோரத்திலிருந்து இறங்கி விரிவதற்கு அந்த உறை வழிவிட வேண்டும். அதே நேரத்தில் பறந்து வந்து முகத்தில் அடிக்காமல் பிடிபட்டும் இருக்க வேண்டும். அதற்கென்று வடிவமைத்த கிளிப்புகள் அவை. பல மாடல்களில் ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப்பை வரவழைக்கச் சோம்பி, உள்ளே உட்காருகிறவரின் தலையோடு விளையாடியிருக்கிறார்கள். சத்தத்தைக் கவனக்குறைவு என்று விடலாம். தண்ணீரை மறதி என்று விடலாம். பசையை அப்படி விட முடியாது. கிளிப் உடைந்தது தெரிந்த ஒருவர், அதை மறைக்க முடிவெடுத்தால்தான் அங்கே பசை வரும்.

நான்காம் முறை அட்வைசரைத் தாண்டி ஒர்க்‌ஷாப் மேலாளரைப் பார்த்தேன். பசையின் புகைப்படத்தைக் காட்டியதும் அவருடைய முகம் மாறியது. வண்டியை முந்தைய நாள் இரவே விட்டு, விடிந்ததும் நானும் உடன் வர டெஸ்ட் டிரைவ் போக வேண்டும் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார். காலையில் வந்தவர் வயதில் மூத்த மெக்கானிக். "நீங்க ஓட்டுங்க சார், நான் உக்காந்து கேக்குறேன்" என்று சொல்லிப் பயணி இருக்கையில் அமர்ந்தார். ஏசியையும் ஆடியோவையும் அணைத்துவிட்டு, கன்னத்தை டேஷ்போர்டில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம். "போதும், திருப்புங்க" என்றார்.

டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, டார்ச்சைப் பிடித்து, என் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். "இங்க ஒரு போல்ட் இருக்கணும் சார். ஓட்டை காலியா இருக்கு." டேஷ்போர்டைத் தாங்கும் குறுக்கு இரும்பின் ஓரத்தில் இருக்க வேண்டிய போல்ட் அது. அதன் பக்கத்திலேயே ஓர் ஒயர்க் கற்றை கிளிப்பில் மாட்டப்படாமல் தொங்கி, ஏசிக் காற்றை ஊதும் புளோயரின் பெட்டியில் மோதிக்கொண்டிருந்தது. பிறகு கார்பெட்டை முழுவதுமாகத் தூக்கியபோது அந்த போல்ட்டே கிடைத்தது. ஈரத்தில் கிடந்து துருவேறத் தொடங்கியிருந்தது. அவர் அதைத் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புதிய போல்ட்டைப் போட்டார். ஒயர்க் கற்றையைச் சுற்றி ஃபெல்ட் டேப் ஒட்டினார். தூணின் உறைக்குப் புதிய கிளிப்புகள் வரும் வரை வண்டியைத் தரமாட்டேன் என்று அவரே மேலாளரிடம் சொன்னார். மூன்று நாள் ஆனது. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போது சத்தம் இல்லை. காருக்குள் பழைய அமைதி திரும்பிவிட்டது. ஆனாலும் கான்கிரீட் சாலை வந்தால் என் காது தானாக அந்த மூலைக்குப் போகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று அந்த மூத்தவரிடம் கேட்டேன். வேலை ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு இருக்கிறது, கழற்றும்போது இருக்கிற நிதானம் மாட்டும்போது இருப்பதில்லை, மாலை டெலிவரி என்று அட்வைசர் வாக்குக் கொடுத்திருப்பார் என்றார். அவர் யாரையும் விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நேரம் போதவில்லை என்றால் நாளைக்குத் தருகிறோம் என்று சொல்லலாமே. ஒருநாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் இருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை, அதை என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. வண்டி வந்த இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்து, 10-க்கு 10 மதிப்பெண் கொடுக்கும்படி கேட்டார்கள். மூத்த மெக்கானிக்குக்கு 10 கொடுப்பதாகவும், மற்றதற்கு 2 என்றும் சொன்னேன். பிரித்துப் போட வழியில்லை, மொத்தமாக ஒரே எண்தான் என்றார்கள். 2 என்றே போடச் சொன்னேன். அவரையும் சேர்த்துத் தண்டித்துவிட்டோமோ என்று இன்னும் உறுத்துகிறது.

நண்பருக்கு வேண்டாம் என்று சொன்னேன். இத்தனை புகழ்ந்துவிட்டு ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டார். அவர் வாங்க நினைக்கும் கார் எத்தனை முறை கழற்றப்பட்டது, அதற்குள் எத்தனை ஓட்டைகள் காலியாக இருக்கின்றன என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இன்றைய மனநிலையில் என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. என் காரை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த சர்வீஸுக்கு அந்த மூத்த மெக்கானிக் வேலையில் இருக்கும் நாளைக் கேட்டு நேரம் குறித்திருக்கிறேன். ஜாப் கார்டில் குறைகளை நானே என் கையால் எழுதுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.