பயிற்சிக்குப் போகும் போர்க்கப்பல்: முழு ஆயுதமா, குறைந்த சுமையா?

அமெரிக்கா பசிபிக்கில் நடத்தும் ரிம்பாக், இந்தியா நடத்தும் மிலன் மாதிரியான பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சிகளுக்குக் கப்பல்கள் வெறுங்கையோடு போகின்றனவா என்று பலர் கேட்கிறார்கள். முழு வெறுங்கை நடைமுறையில் அரிது. கப்பலின் மேல்தளத்தில் பொருத்திய பீரங்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாதே! கப்பலின் ஆயுதக் கிடங்கில் எவ்வளவு குண்டும் ஏவுகணையும் இருக்கின்றன என்பதுதான் கேள்வி: நிறைந்திருந்தால் முழுச் சுமை, கொஞ்சமாக இருந்தால் குறைந்த சுமை.

வழிப் பாதுகாப்பு
முழுச் சுமை: செங்கடலில் 2023 இறுதியில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்களின் ட்ரோன்கள் பறந்தபோது, அவற்றை வீழ்த்த ஏவுகணை கையிருப்பில் இருக்க வேண்டியிருந்தது.
குறைந்த சுமை: அமைதியான பாதைக்குப் பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் போதும்.
(ஆயுதம் இருந்தாலும் ஆபத்து உண்டு. 2000 அக்டோபரில் ஏமனின் ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'கோல்' மீது வெடிமருந்துப் படகு மோதி 17 மாலுமிகள் இறந்தார்கள்.)

ஏற்றி இறக்கும் வேலை
முழுச் சுமை: இருப்பதை அப்படியே விடலாம்.
குறைந்த சுமை: செங்குத்து ஏவுகலங்களில் (தளத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் ஏவுகணைக் குழாய்கள்) ஏவுகணையை நிரப்பப் பொதுவாகத் துறைமுகமும் கிரேனும் வேண்டும். வழியில் அவசரமென்றால் நடுக்கடலில் நிரப்புவது எளிதல்ல.

பயிற்சிக் களம்
முழுச் சுமை: பழைய கப்பலை மூழ்கடிக்கும் பயிற்சிக்கு நிஜமாக வெடிக்கும் ஆயுதம் தேவை.
குறைந்த சுமை: பயிற்சி டார்பீடோவில் (நீருக்கடியில் ஓடித் தாக்கும் ஆயுதம்) வெடிமருந்து இருக்காது, ஓடி முடித்ததும் மீட்டெடுப்பார்கள்.

சட்டம் இரண்டையும் தடுக்கவில்லை. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 19ஆம் பிரிவின்படி, பிற நாட்டின் கரையோரக் கடற்பகுதியைக் கடக்கையில் ஆயுதப் பயிற்சி போன்றவற்றைச் செய்யக்கூடாது.

பதற்றமான நீர்ப்பாதையில் முழுச் சுமைதான் சரி. பக்கத்து நாட்டோடு தேடல், மீட்பு ஒத்திகை மட்டும் என்றால் குறைந்த சுமையே போதும்.