குதிப்பதா, ஏரியில் இறக்குவதா?

1940 டிசம்பர் 31. ஸ்காட்லாந்தின் லாசிமவுத் தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் எட்டுப் பேர். மலைகளுக்கு மேலே, பனிப்பொழிவில், வலது எஞ்சின் நின்றுபோனது.

பாராசூட்டில் குதிப்பதுதான் வழக்கமான யோசனை. ஆனால் போதிய உயரம் இருக்கும்போதே விமானத்தின் அந்தக் குறுகலான உடற்பகுதியிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறியாக வேண்டும். ஆறு பேர் குதித்தார்கள். வால் துப்பாக்கி வீரர் மட்டும் பாராசூட் சிக்கி இறந்தார்.

தண்ணீரில் இறக்குவது கேட்கவே கிறுக்குத்தனம்தான். இருந்தும் விமானிகள் இருவரும் மேக இடைவெளியில் தெரிந்த நெஸ் ஏரியில் இறக்கி, ரப்பர் படகில் கரை சேர்ந்தார்கள்.

என்னைக் கேட்டால், உயரம் இருந்தால் குதிப்பேன். ஏரி கண்ணில் பட்டது அவர்கள் அதிர்ஷ்டம். அப்புறம், 1985-ல் மேலே எடுக்கப்பட்ட அந்த விமானம் இப்போது இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.