ஹங்கேரியை வைத்துச் சோதித்துப் பார்த்த ஒரு வாட்டர் போலோ பதிவகம்

குளத்தில் நீந்திக்கொண்டே பந்தைக் கோலுக்குள் போடும் ஆட்டமான வாட்டர் போலோவின் சர்வதேச முடிவுகளை நாடு வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் தொகுத்துத் தரும் கட்டண இணையச் சேவை ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா செலுத்தி ஏழு மாதங்கள் ஆகின்றன. அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். நான் எழுதித் தெரிவித்த பிழைகள் சிலவற்றை அவர்கள் திருத்திக்கொண்டிருக்கும் வேளையில் பெயரோடு குறை சொல்வது முறையாகாது. இத்தகைய பதிவகம் எதற்காவது பணம் கட்ட நினைப்பவர்கள் முதலில் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் தட்டிப் பார்த்த இடம் ஹங்கேரி ஆடவர் அணியின் பக்கம்.

ஹங்கேரியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் பதக்கக் குவியல் ஒரு காரணம். ஒலிம்பிக்கில் 9 தங்கம், 3 வெள்ளி, 4 வெண்கலம் என மொத்தம் 16 பதக்கங்களை வென்ற அணி அது. 1928 ஆம்ஸ்டர்டாம் முதல் 1980 மாஸ்கோ வரை நடந்த பன்னிரண்டு ஒலிம்பிக்குகளில் ஒன்றில்கூட அது வெறுங்கையோடு திரும்பியதில்லை. உலகச் சாம்பியன் பட்டத்தை 1973, 2003, 2013, 2023 ஆகிய நான்கு முறையும், 1926இல் சொந்த ஊரான புடாபெஸ்டில் தொடங்கிய ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தைப் பதின்மூன்று முறையும் வென்றிருக்கிறது. ஆனால் பதிவகத்தைச் சோதிக்க இவ்வளவு பதக்கங்கள் தேவையில்லை. டிராவில் கிடைத்த தங்கம், தோற்காமலே கிடைத்த வெள்ளி, பாதியில் நிறுத்தப்பட்ட ஆட்டம், அரசியல் காரணத்தால் போகாமல் விட்ட ஒலிம்பிக், ஆட்டம் முடிந்த பிறகு பெயரே மாறிப்போன எதிரணி நாடு என்று, கணக்கு எழுதுபவர் தடுமாறக்கூடிய சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரே அணியின் வரலாற்றில் இருக்கின்றன. ஹங்கேரியின் பக்கத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் மற்ற நாடுகளின் பக்கங்களையும் ஒழுங்காகவே எழுதியிருப்பார்கள் என்று நம்பலாம்.

முகப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. பதக்க எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆண்டுகள் சரியாக இருக்கின்றன, ஓர் ஆண்டைத் தொட்டால் அந்தத் தொடரில் ஹங்கேரி ஆடிய எல்லா ஆட்டங்களும் தேதி வரிசையில் விரிகின்றன. சமீப கால ஆட்டங்களுக்கு ஒவ்வொரு கால்பகுதியின் கோல் கணக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பல இடங்களில் இறுதிக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்பதால் இதைப் பெரிய வசதியாகவே கருதுகிறேன். சிக்கல், முகப்பைத் தாண்டி உள்ளே போகும்போது தொடங்குகிறது.

ஆட்டங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கென்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் ‘ஒலிம்பிக்’ என்பதையும் ‘வென்ற இறுதிப் போட்டிகள்’ என்பதையும் தேர்ந்தெடுத்தால் ஹங்கேரிக்கு மூன்றே மூன்று ஆட்டங்கள் வருகின்றன: 2000 சிட்னியில் ரஷ்யாவை 13–6, 2004 ஏதென்ஸில் செர்பியா மாண்டினீக்ரோவை 8–7, 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவை 14–10. ஒன்பது தங்கம் வென்ற அணிக்கு மூன்று இறுதிப் போட்டிகள்தானா என்று புதிதாக வருபவர் குழம்பிப் போவார். கணினி சொன்ன விடையில் பிழையில்லை. 1932, 1936, 1952, 1956, 1964, 1976 ஆகிய ஆறு தங்கங்களும் கடைசிச் சுற்றில் அணிகள் ஒன்றோடொன்று மோதிப் புள்ளிகளைச் சேர்த்த லீக் முறையில் வந்தவை. ‘இறுதிப் போட்டி’ என்று சொல்லத்தக்க ஓர் ஆட்டம் அவற்றில் இல்லை. இந்த விளக்கத்தை வடிகட்டியின் அருகிலேயே இரண்டு வரியில் எழுதியிருக்கலாம். எங்கேயும் எழுதவில்லை.

இதைவிட மோசமானது, அந்த லீக் ஆட்டங்களை அவர்கள் காட்டும் விதம். 1936 பெர்லினில் ஹங்கேரியும் ஜெர்மனியும் 2–2 என்று டிரா செய்தன. இரண்டும் புள்ளிகளில் சமமாக நின்றதால், கோல் கணக்கில் முந்தியிருந்த ஹங்கேரிக்குத் தங்கம் போனது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவுடன் 2–2, 1964 டோக்கியோவில் அதே யூகோஸ்லாவியாவுடன் 4–4. இரண்டு முறையும் கோல் கணக்கே தங்கத்தைத் தீர்மானித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து 1972 மியூனிக்கில் அதே விதி ஹங்கேரிக்கு எதிராகத் திரும்பியது. சோவியத் யூனியனுடனான ஆட்டம் 3–3 என முடிந்தபோது கோல் கணக்கில் முந்தியிருந்த சோவியத் அணி தங்கத்தை எடுத்துக்கொண்டது, ஹங்கேரிக்கு வெள்ளி மிஞ்சியது. ஆக, மூன்று தங்கங்களையும் ஒரு வெள்ளியையும் புரிந்துகொள்ள அந்தச் சுற்றில் ஒவ்வோர் அணியும் போட்ட கோல்கள், வாங்கிய கோல்கள் என்ற சிறிய அட்டவணை கட்டாயம் வேண்டும். பதிவகத்தில் 1964ஆம் ஆண்டைத் திறந்தால் ‘யூகோஸ்லாவியா 4–4, டிரா’ என்று ஒரு வரி இருக்கிறது, அதன் மேலே தங்கப் பதக்கத்தின் படம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. பரிசுச் சீட்டில் விழுந்த தங்கம்போலத் தோன்றுகிறது.

1956 மெல்போர்னின் பக்கத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் புரட்சி வெடித்து, நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்து அதை நசுக்கிய சில வாரங்களிலேயே, டிசம்பர் 6 அன்று இரு நாட்டு அணிகளும் ஒரே குளத்தில் இறங்க வேண்டியிருந்தது. ஹங்கேரி 4–0 என முன்னிலையில் இருந்தபோது, அதில் இரண்டு கோல்களைப் போட்டிருந்த எர்வின் ஸாடோரின் முகத்தில் வாலன்டின் புரோகோபோவ் ஓங்கி அடித்தார். கண்ணுக்குக் கீழே பிளந்து இரத்தம் வழிய ஸாடோர் குளத்தைவிட்டு ஏறியதைக் கண்ட பார்வையாளர்கள் கொதித்தெழுந்தனர்; ஆட்ட நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம் மீதமிருக்கும்போதே நிறுத்தப்பட்டு, வெற்றி ஹங்கேரிக்கு அளிக்கப்பட்டது. பதிவகம் இந்த ஆட்டத்தில் சற்று அக்கறை காட்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கின் அருகே ஒரு சிறிய நட்சத்திரக் குறி இருக்கிறது, அதைத் தொட்டால் ‘முழு நேரம் ஆடப்படவில்லை’ என்ற குறிப்பு வருகிறது. ஆனால் அடுத்து யூகோஸ்லாவியாவை 2–1 என்று வென்று தங்கத்தை உறுதி செய்த ஆட்டத்தில் காயம் காரணமாக ஸாடோர் ஆடவில்லை என்பது எங்கும் சொல்லப்படவில்லை. அந்தப் பக்கத்தில் அவருடைய பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. சாம்பல் நிறத்துக்கு என்ன பொருள் என்று அறிய உதவிப் பகுதிக்குப் போய்த் தேட வேண்டியிருந்தது.

நான் உண்மையாகவே கோபப்பட்டது 1984ஆம் ஆண்டைப் பார்த்தபோதுதான். பன்னிரண்டு ஒலிம்பிக் பதக்கங்களின் நீண்ட வரிசைக்கு அடுத்த கட்டத்தில், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு எதிரே, ‘தகுதி பெறவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் குவாயாகிலில் உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளி வென்ற அணி அது. சோவியத் யூனியன் தலைமையிலான புறக்கணிப்பில் ஹங்கேரியும் சேர்ந்ததால் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகவில்லை. தகுதி இல்லாமல் போவதும் அரசின் முடிவால் போகாமல் இருப்பதும் ஒன்றாகிவிடுமா? அந்த ஒரு சொல், பதக்க வரிசை அறுந்ததற்கான காரணத்தையே மாற்றிச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிந்தைய வறட்சி உண்மையானது; 1988இல் ஐந்தாம் இடம், 1992இல் ஆறாம் இடம், 1996இல் நான்காம் இடம் என்று பதிவகம் சரியாகவே காட்டுகிறது.

பெயர் மாறிய நாடுகள் விஷயத்தில் எந்த முறையைப் பின்பற்றினாலும் யாராவது ஒருவர் குறை சொல்வார், அது எனக்குத் தெரியும். ஆயினும் ஏதாவது ஒரு முறையை உறுதியாகப் பின்பற்ற வேண்டாமா? நேருக்கு நேர் மோதிய கணக்கில் சோவியத் யூனியனையும் ரஷ்யாவையும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்த்திருக்கிறார்கள். எனவே 1956இன் இரத்தம் தோய்ந்த 4–0, 1972இன் 3–3, சிட்னியின் 13–6 மூன்றும் ஒரே பட்டியலில் வருகின்றன. யூகோஸ்லாவியாவையோ செர்பியா மாண்டினீக்ரோவிலிருந்தும் செர்பியாவிலிருந்தும் பிரித்து மூன்று தலைப்புகளாக வைத்திருக்கிறார்கள். அதனால் ‘ஹங்கேரி – செர்பியா’ என்று தேடுபவருக்கு ஏதென்ஸ் இறுதி ஆட்டம் கண்ணிலேயே படாது. 2016, 2020, 2024 என்று தொடர்ந்து மூன்று தங்கம் வென்ற செர்பியாவையும் 2000 முதல் 2008 வரை அதையே செய்த ஹங்கேரியையும் ஒப்பிடத்தான் இன்றைய ரசிகர்கள் பலரும் இந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். அவர்களுக்கு இது பெரிய ஓட்டை.

பெனால்டி ஷூட் அவுட்டில் தீர்ந்த ஆட்டங்களிலும் இதே அலட்சியம் தெரிகிறது. 2020 ஐரோப்பியச் சாம்பியன் இறுதியில், புடாபெஸ்டின் டூனா அரீனாவில், ஸ்பெயினுடன் 9–9 என்று சமனாகி ஷூட் அவுட்டுக்குப் பின் 14–13 என்று ஹங்கேரி வென்றது. 2023 ஃபுகுவோகா உலகச் சாம்பியன் இறுதியில் கிரீஸுடன் 10–10, பிறகு மீண்டும் அதே 14–13. பதிவகம் இரண்டையும் வெறும் 14–13 என்று எழுதிவிட்டு, ஷூட் அவுட்டில் போட்ட கோல்களையும் ‘ஓர் ஆட்டத்துக்குச் சராசரி கோல்’ என்ற கணக்கில் கூட்டிவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தை அமெரிக்காவிடம் இழந்ததும் ஷூட் அவுட்டில்தான் என்பதையும் அங்கே கண்டுபிடிக்க முடியாது.

இனி, இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை என்று எனக்குத் தோன்றிய இடத்தைச் சொல்கிறேன். டீனேஷ் கெமேனி பயிற்றுவித்த 1997 முதல் 2012 வரையிலான காலத்துக்கு, குறிப்பாக மூன்று தொடர் தங்கங்களுக்கு, அவர்கள் கோல் வாரியான காலவரிசையைத் தந்திருக்கிறார்கள். ஏதென்ஸ் இறுதி ஆட்டத்தைத் திறந்தால் திரையின் இடமிருந்து வலமாக ஒரு கோடு ஓடுகிறது. மூன்றாம் கால்பகுதியின் முடிவில் செர்பியா மாண்டினீக்ரோ 7–5 என முன்னால் நிற்கிறது. நான்காம் கால்பகுதியில் அவர்களுடைய பக்கத்தில் கோலைக் குறிக்கும் புள்ளி ஒன்றுகூட விழவில்லை. ஹங்கேரியின் பக்கத்தில் மட்டும் ஒன்று, இன்னொன்று, மூன்றாவது என்று விழுகின்றன, 8–7. ஒலிம்பிக் இறுதியில் ஒரு கால்பகுதி முழுவதும் எதிரணியைப் பூஜ்யத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பத்தி பத்தியாக எழுதினாலும் அந்த வெற்றுக் கோடு சொல்லும் அளவுக்குச் சொல்ல முடியாது. இதே உழைப்பை மற்ற காலங்களுக்கும் கொடுத்திருந்தால் இந்த மதிப்புரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

வீரர்களின் பகுதி நன்றாகவே அமைந்திருக்கிறது. திபோர் பெனடெக், பீட்டர் பிரோஷ், தமாஷ் காஷாஷ், கெர்கெய் கிஷ், தமாஷ் மோல்னார், கோல் காவலர் ஸோல்தான் சேச்சி ஆகிய ஆறு பேர் மூன்று தங்கங்களிலும் அணியில் இருந்தவர்கள் என்பதை ஒரே சொடுக்கில் எடுக்க முடிகிறது. பெனடெக் பிற்பாடு 2013இல் பயிற்சியாளராக உலகப் பட்டம் வென்றதும் அவருடைய பக்கத்திலேயே இணைக்கப்பட்டிருக்கிறது. டெஜோ ஜார்மாத்தி 1948 முதல் 1964 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் ஐந்து பதக்கங்கள், அவற்றில் மூன்று தங்கம், வென்ற விவரமும், 1976 தங்கத்தின்போது அவரே பயிற்சியாளராக இருந்த விவரமும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதும் வழக்கம் உடையவர்கள். அந்த வரிசையில் தட்டச்சு செய்தால் மட்டும் தேடல் கையை விரித்துவிடுகிறது. ஒலிவேர் ஹலாஷியின் பக்கத்தில் 1928 வெள்ளியும் 1932, 1936 தங்கங்களும் இருக்கின்றன. சிறுவயதில் டிராம் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர் என்பது இல்லை. காலால் நீரை மிதித்துக்கொண்டே ஆட வேண்டிய ஆட்டத்தின் பதிவகம் இதை எப்படி விட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

உலகக் கோப்பை, உலக லீக் ஆகிய பகுதிகள் மெலிந்தவை. வெற்றியாளர் பெயரைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கைபேசிச் செயலி வேலை செய்கிறது, அகலமான அட்டவணைகள் மட்டும் திரைக்குள் அடங்குவதில்லை. 2025 சிங்கப்பூர் உலகச் சாம்பியன் இறுதியில் ஸ்பெயினிடம் ஹங்கேரி தோற்ற ஆட்டமும் இடம்பெற்றிருப்பதால் புதிய முடிவுகளை ஏற்றுவதில் குறையில்லை.

மேலே சொன்னவற்றை ஒரே மின்னஞ்சலில் தொகுத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மரியாதையாகவும், படித்துவிட்டு எழுதியதாகவும் இருந்தது. சென்ற வாரம் திறந்து பார்த்தபோது 1984க்கு எதிரே ‘தகுதி பெறவில்லை’ என்பது போய் ‘புறக்கணிப்பு’ என்று மாறியிருந்தது. பிந்தைய காலத்தின் ஆட்டங்களை நுணுகிப் பார்க்க விரும்புபவர்கள் தயங்காமல் சந்தா கட்டலாம். 1980க்கு முந்தைய காலத்துக்காக வருபவர்கள் இன்னும் சிறிது பொறுத்திருப்பது நல்லது. டோக்கியோவின் 4–4க்கு மேலே தங்கப் பதக்கத்தின் படம் இன்றைக்கும் விளக்கமில்லாமல் அப்படியேதான் நிற்கிறது.