கீறலா, கசகசா எண்ணெயா?

ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையின் செலவுச் சீட்டில் சில இடங்களில் ‘ஸ்க்ராட்சிங்’ என்று ஒரு வரி இருக்கும். சிகிச்சைக்கு முந்தைய மாதவிடாய்ச் சுழற்சியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, கருப்பையின் உள்சவ்வை லேசாகக் கீறிவிடுவார்கள். புண் ஆறும்போது சவ்வு கருவைப் பற்றிக்கொள்ளப் பக்குவமாகுமாம். உழுத நிலத்தில்தானே விதை பிடிக்கும் என்று மாமியார்கூடத் தலையாட்டிவிடுவார்.

2003-ல் இஸ்ரேலில் 134 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் கீறல் செய்துகொண்டவர்கள் 45 பேர்தான். கர்ப்பம் இரு மடங்கு கூடியது என்றார்கள். அவ்வளவுதான், ஊர் உலகமெல்லாம் கீற ஆரம்பித்துவிட்டது.

2019-ல் வந்த ஆய்வு வேறு ரகம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தினர் முன்னின்று, ஐந்து நாடுகளில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். குழந்தை பிறந்தது கீறியவர்களில் 26.1 சதவீதம், கீறாதவர்களில் 26.1 சதவீதம். தசமப் புள்ளிகூட நகரவில்லை. கீறியவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது வலிதான்.

இன்னொரு பக்கம் கசகசா. குருமாவில் அரைத்து ஊற்றுவோமே, அதேதான். அதன் எண்ணெயில் அயோடின் சேர்த்து, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்-ரேக்கு மருந்தாகச் செலுத்துவது பழைய வழக்கம். ‘ட்யூப் டெஸ்ட்’ என்போமே, எச்.எஸ்.ஜி., அதற்குத்தான். பிறகு தண்ணீரில் கரையும் மருந்து வந்து எண்ணெயை ஓரங்கட்டியது.

நெதர்லாந்தில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து 1,119 பெண்களிடம் இரண்டையும் மோதவிட்டன. முடிவு 2017-ல் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் உண்டான கர்ப்பங்களைக் கணக்கெடுத்ததில், குழந்தை பெற்றவர்கள் எண்ணெய்ப் பக்கம் 38.8 சதவீதம், தண்ணீர்ப் பக்கம் 28.1. ஏன் என்று கேட்டால் உறுதியான பதில் இல்லை. குழாயில் தங்கிய கசடைக் கழுவுகிறது என்பது ஓர் ஊகம். அழகான விளக்கம் வைத்திருந்த கீறல் தோற்றது. விளக்கமே இல்லாத எண்ணெய் ஜெயித்தது. எனக்கு இதில் குழப்பமில்லை, எண்ணெய் பக்கம்தான்.

இரண்டும் ஒரே கட்டத்து வேலை அல்ல என்பதும் உண்மை. கீறல் ஐவிஎஃப்போடு வருவது. எண்ணெய் அதற்கு முன்பே, பரிசோதனைக் கட்டத்தில். அதுவும் 39 வயதுக்குக் குறைந்த, குழாய்க் கோளாறுக்கு வாய்ப்புக் குறைந்த பெண்களிடம் பார்த்தது. அயோடின் உடம்பில் நாள்பட நிற்பதால் முதலில் தைராய்டு பார்க்க வேண்டும். அபூர்வமாக எண்ணெய் ரத்தக்குழாயில் ஏறிவிடுவதும் உண்டு.

எச்.எஸ்.ஜி. எழுதிக் கொடுத்தால் “எண்ணெயா, தண்ணீரா டாக்டர்?” என்று கேளுங்கள். சீட்டில் ஸ்க்ராட்சிங் இருந்தால், 26.1 எதிர் 26.1 என்று அந்த வரியின் பக்கத்திலேயே எழுதி நீட்டுங்கள்.