15 இருக்க 9 எதற்கு? எச்டாப் பயன்படுத்திய அனுபவம்

எச்டாப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். லினக்ஸில் இப்போது என்னென்ன ஓடுகிறது, எது எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று, கட்டளை அடிக்கும் டெர்மினலுக்குள்ளேயே வண்ணத்தில் காட்டும் சின்ன மென்பொருள். இலவசம். ஹிஷாம் முகம்மது என்பவர் 2004 இல் தொடங்கியது, 2020 இல் வேறொரு குழு பொறுப்பெடுத்து 3.0 வெளியிட்டது. வண்ணப் பட்டைகள் எல்லாம் அழகுதான், ஆனால் எனக்கு அதில் பெரிய விஷயம் எஃப்9. அதை அழுத்தினால் இடது பக்கம் ஒரு பட்டியல் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமோடு ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படிப் பேசுகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தப் பட்டியல்.

இலங்கையில் பதுளைப் பக்கம், பசறைக்கு மேலே மாமாவுக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஒரு மடுவம் இருக்கிறது. சுற்றுவட்டாரச் சிறு தோட்டக்காரர்கள் பின்னேரம் சாக்குகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள், மாமா நிறுத்து எழுதி லொறியில் ஏற்றி ஃபெக்டரிக்கு அனுப்புவார். அவருக்காக ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டு, டிஜிட்டல் தராசை யூஎஸ்பி சீரியல் கேபிளில் இணைத்து, பைத்தான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சாக்கைத் தராசில் வைத்து ஆளின் இலக்கத்தை அடித்தால் எடை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு எல்லாம் ஒரே வரியாக ஃபைலில் விழும்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் கேபிள் ஆட்டம் கண்டு புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. லொறி ஸ்டார்ட் செய்து நிற்கிறது, சாரதி ஹோர்ன் அடிக்கிறார், இருட்டிக்கொண்டு வருகிறது. டெஸ்க்டாப் ஐகனில் இருந்து திறந்த புரோகிராம் என்பதால் கண்ட்ரோல் சி அடித்து நிறுத்த டெர்மினலும் இல்லை. யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் புதிய டெர்மினல் திறந்து கில் மைனஸ் 9 அடித்தேன், அதாவது 9 ஆம் சிக்னலை அனுப்பிக் கொல்லும் கட்டளை. புரோகிராம் போனது. திறந்து பார்த்தால் அன்றைய ஃபைலும் சைபர் பைட்.

31 பேருடைய கொழுந்துக் கணக்கு அது. பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே டிஸ்கில் எழுதாது, 8192 பைட் சேரும் வரை மெமரியில் வைத்திருக்கும். ஒரு பின்னேரத்துக் கணக்கு அந்த அளவுக்கு வராது. ஆக எல்லாம் மெமரியிலேயே இருந்து மெமரியோடு போய்விட்டது. மாமா பழக்கத்தை விடாமல் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தபடியால்தான் தப்பினோம். இல்லாவிட்டால், அந்த மழையில் ஏற்றம் ஏறி 18 கிலோ சுமந்து வந்த அக்காவிடம் உங்கள் கணக்கு அழிந்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதுதான் சிக்னல் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன், கையோடு எச்டாப்பும் போட்டேன்.

சிக்னல் என்பது ஒரு எண், அவ்வளவுதான். நீண்ட செய்தி எதையும் அது கொண்டுபோகாது. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்பு அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தப்பு யாரிடமும் வார்த்தையாக ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அந்த அடியைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரிதான் கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, ஒரு புரோசசிடம் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிடம்) 15 என்று சொன்னால், அந்தப் புரோசஸ் தான் செய்துகொண்டிருப்பதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, 15 வந்தால் செய்ய வேண்டியது என்று முன்கூட்டியே எழுதி வைத்த பகுதிக்குப் போகும், முடித்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். எதுவும் எழுதி வைக்காவிட்டால் கர்னலின் வழமைப்படி நடக்கும், பல சிக்னல்களுக்கு அந்த வழமை சாவுதான். இன்னொன்று, புரோசஸ் ஒரு சிக்னலைத் தற்காலிகமாகத் தடுத்து வைத்திருக்கும்போது அதே எண் மூன்று தரம் வந்தாலும் பிறகு ஒரு தரம்தான் போய்ச் சேரும். சாதாரண சிக்னல்களுக்கு வரிசை கிடையாது. அதனால் சிக்னலை வைத்து எதையும் எண்ணக் கூடாது.

எச்டாப்பில் எஃப்9 அழுத்தும்போது பட்டியலின் தலையில் இருப்பது 0, அதாவது ரத்து. பிறகு 1 சிக்ஹப், 2 சிக்இன்ட் என்று வரிசையாக வரும். ஆனால் கர்சர் போய் நிற்பது 15 சிக்டெர்மில். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. பதற்றத்தில் எஃப்9, என்டர் என்று அடித்தாலும் போவது 15 தான். 9 வேண்டுமென்றால் மனதறிந்து 9 க்குப் போக வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் கீழே வரிசை மாறினாலும் எஃப்9 அழுத்திய புரோசசை அது விடாமல் பிடித்திருக்கும், வேறொன்றுக்குப் போய் அடிபடாது.

15 க்கும் 9 க்கும் என்ன வித்தியாசம் என்று மாமா கேட்டபோது இப்படித்தான் சொன்னேன்: 15 என்றால், நேரமாகிவிட்டது, கையில் இருப்பதை முடித்துவிட்டு இறங்கு. 9 என்றால் பேச்சே இல்லை. 9 புரோகிராமுக்குத் தெரியவே வராது, கர்னல் நேரே ஆளை எடுத்துவிடும். சிக்கில் (9), சிக்ஸ்டாப் (19) இரண்டையும் எந்தப் புரோகிராமாலும் பிடிக்கவோ தடுக்கவோ கண்டுகொள்ளாமல் விடவோ முடியாது. "அப்ப 9 கரண்ட் போற மாதிரி" என்றார் மாமா. சரியாகச் சொன்னார். ஃபைலை மூடவும், மெமரியில் இருப்பதை எழுதவும், லொக் ஃபைலை எடுத்துவிடவும் அதில் நேரமே கிடையாது.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று நான் 15 அடித்திருந்தாலும் கணக்கு போயிருக்கும். பைத்தானில் சிக்டெர்முக்கு நாமாக எதுவும் எழுதாவிட்டால் கர்னலின் வழமைப்படி அந்த இடத்திலேயே சாகும், ஃபைல் எழுதப்படாது. 2 அடித்திருந்தால் தப்பியிருக்கும், ஏனென்றால் சிக்இன்ட்டைப் பைத்தான் தானாகவே பிடித்து கீபோர்ட் இன்டரப்டாக மாற்றும், வெளியேறும் வழியில் ஃபைல்களும் ஒழுங்காக மூடப்படும். 15 ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். கேட்கக் காது வைத்து எழுதிய புரோகிராமுக்குத்தான் அது வேண்டுகோளாகப் போய்ச் சேரும்.

சரி என்று, 15 வந்தால் ஓட வேண்டிய பகுதியை, அதாவது ஒரு ஹேண்ட்லரை எழுதினேன். ஹேண்ட்லருக்குள் அதிகம் செய்யக் கூடாது என்பார்கள், சி மொழியில் அதற்குள் பிரின்ட்எஃப், மெல்லொக் எல்லாம் கூப்பிடவே கூடாது, புரோகிராம் அதே வேலையின் பாதியில் இருக்கும்போது சிக்னல் வந்திருந்தால் சிக்கிக்கொள்ளும். நானும் ஒரு கொடியை (சிக்னல் வந்ததைக் குறித்து வைக்கும் ஒரு மாறியை) மட்டும் உயர்த்திவிட்டு வெளியே லூப்பில் அந்தக் கொடியைப் பார்த்து நிறுத்தும்படி எழுதினேன். எஃப்9, என்டர். ஒன்றும் நடக்கவில்லை! திரும்பத் திரும்ப அடித்தேன், அந்த வரி அசையாமல் அங்கேயே நிற்கிறது. கடைசியில் புரிந்தது. தராசில் இருந்து எடை வருவதற்காகக் காலவரம்பு இல்லாமல் காத்திருக்கிறது, சிக்னல் வந்ததும் கொடி உயர்கிறது, ஆனால் பைத்தான் 3.5 இல் இருந்து இப்படிக் குறுக்கிடப்பட்ட காத்திருப்பைத் தானாகவே மறுபடி தொடங்கிவிடும், ஆக லூப் ஒருபோதும் கொடியைப் பார்க்கப் போவதில்லை. காத்திருப்புக்கு 1 விநாடி வரம்பு போட்டதும் எல்லாம் சரியானது. இப்போது 15 போனால் ஒரு விநாடிக்குள் மீதியை எழுதி, போர்ட்டை மூடி, பட்டியலில் இருந்து வரி மறைகிறது.

இந்த இடத்தில் எச்டாப் மேல் எனக்கு ஒரு மனக்குறை. ஒரு புரோசஸ் எந்தெந்தச் சிக்னலைப் பிடிக்கத் தயாராக இருக்கிறது என்று அது காட்டுவதில்லை. அதற்குப் புரொக் கோப்புறையில் அந்தப் புரோசசின் எண்ணுக்குள் போய், ஸ்டேட்டஸ் ஃபைலில் சிக்சிஜிடி என்ற வரியைப் பார்க்க வேண்டும். பதினாறின் அடிமானத்தில் ஒரு நீண்ட எண் இருக்கும். என் புரோகிராமில் ஹேண்ட்லர் எழுதுமுன் அதன் கடைசி நான்கு இலக்கம் 0002, அதாவது 2 ஆம் சிக்னலுக்கு மட்டும் காது. எழுதிய பிறகு 4002, 15 க்கும் சேர்த்து. எச்டாப் இதை ஒரு பத்தியாகவே காட்டினால் எவ்வளவு உதவியாக இருக்கும்.

அது நன்றாகக் காட்டுவது புரோசசின் நிலையை, எஸ் என்ற பத்தியில். ஆர் என்றால் ஓடுகிறது, எஸ் என்றால் தூங்குகிறது. டி (D) வந்தால் கவனம். ஒருமுறை பழுதான பென்டிரைவில் கொப்பி செய்யும்போது இந்த டி தான் நின்றது, 9 அடித்தும் போகவில்லை, பென்டிரைவைக் கழற்றிய பிறகுதான் போனது. டிஸ்க் போன்ற ஒன்றின் பதிலுக்காகக் கர்னலுக்குள்ளேயே காத்திருக்கும் நிலை அது, பதில் வரும் வரை 9 கூட வாசலில்தான் நிற்கும். இசட் என்றால் ஏற்கெனவே செத்தது, தாய்ப் புரோசஸ் வந்து கணக்கு முடிக்காததால் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது. செத்ததை மறுபடி அடித்துப் பயனில்லை, தாயைத்தான் பார்க்க வேண்டும்.

ரி (T) என்றால் நிறுத்தி வைக்கப்பட்டது. இதை நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன். பின்னேரம் நிறுக்கும் நேரத்தில் மாமாவின் மகள் கல்யாண வீடியோவை மாற்றிக்கொண்டிருப்பாள், மெஷின் திணறும். அந்த வரியில் நின்று எஃப்9, 19. வீடியோ அப்படியே உறைந்து நிற்கும், தராசு வேலை சுறுசுறுப்பாக நடக்கும். லொறி போனதும் 18 அனுப்பினால் விட்ட இடத்தில் இருந்து தொடரும், இரண்டு மணி நேர வேலை வீணாகாது. அப்புறம் 1 ஆம் எண் சிக்ஹப். தொலைபேசி மோடம் காலத்தில் லைன் துண்டிக்கப்பட்டால் வந்த சிக்னல், பெயரே அதில் இருந்து வந்ததுதான். நான் பதுளையில் இருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக அந்த மெஷினுக்குள்ளே போய் ஏதாவது ஓடவிட்டிருப்பேன், மலையில் மூடுபனியும் மழையுமாக ஃபோன் சிக்னல் அறுந்துவிடும், கொஞ்ச நேரத்தில் என் வேலையும் செத்திருக்கும். அது இந்த 1 இன் வேலை. இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவைத்திருக்கும் டீமக்ஸ் என்ற கருவிக்குள் ஓடவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குறைகள் இன்னும் சில. முதன்முதலில் திறக்கும்போது திரெட்களையும் (ஒரே புரோசசுக்குள் ஓடும் கிளை வேலைகளையும்) தனித்தனி வரியாகக் காட்டும், பிரவுசர் ஒன்று இருபது முப்பது வரியாக நிற்பதைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் பயந்துவிடுவார்கள். கெப்பிட்டல் எச் அடித்து மறைத்துக்கொள்ளுங்கள். சில டெர்மினல்களில் எஃப்10 மெனுவைத் திறந்துவிடும், வெளியேற க்யூ. சிபியூ வரிசையில் ஒழுங்குபடுத்தி வைத்தால் புரோசஸ்கள் மேலும் கீழும் ஓடும், கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும், அதனால் எஃப்9 அழுத்துமுன் பெயரை ஒருமுறை வாசித்துவிடுங்கள், அல்லது கெப்பிட்டல் இசட் அடித்துத் திரையை நிறுத்தி வையுங்கள்.

டாப் என்ற பழைய கருவியிலும் கே அடித்துச் சிக்னல் அனுப்பலாம், அதுவும் 15 ஐத்தான் முன்வைக்கும், ஆனால் புரோசஸ் எண்ணை நாம் அடிக்க வேண்டும், அவசரத்தில் ஓர் இலக்கம் மாறினால் வேறொன்றுக்குப் போய்விடும். எனக்கு எச்டாப் போதும்.

இப்போது என் புரோகிராம் ஒவ்வொரு வரியையும் அந்த நிமிடமே டிஸ்கில் இறக்குகிறது. இங்கே மழைக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அந்த லெப்டொப்பின் பேட்டரியும் பத்து நிமிடம் தாங்காது, ஆக 9 ஐயும் தாங்கும்படிதான் எழுத வேண்டியிருக்கிறது. மாமா எடை நிறுத்து முடிந்ததும் தானே எச்டாப்பைத் திறந்து, எஃப்4 இல் தராசு புரோகிராமின் பெயரை அடித்து வடிகட்டி, எஃப்9 அழுத்தி, 15 இல் கர்சர் நிற்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு என்டர் அடிக்கிறார். வரி மறையும் வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் லொறிக்காரருக்குக் கை காட்டுவார். கொப்பியில் எழுதுவதையும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.