கொலோன் பேராலயம்: கோபுரம் ஏறுவதா, கீழேயே இருப்பதா?

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், தெற்குக் கோபுரம் ஏறலாம். இல்லையென்றால் உள்ளேயே உட்காரலாம்.

ஏறினால் 533 படிகள், குறுகலான சுழல் படிக்கட்டு. வழியில் 24 டன் எடையுள்ள மணி, மேலே போனால் ரைன் நதி. முழங்கால் ஒத்துழைத்தால் சரி. ஆனால் ஊரிலேயே அழகான கட்டடம் காலடியில் மறைந்துவிடும்!

உள்ளே, 1248இல் தொடங்கி 1880இல்தான் முடிந்த வேலைப்பாடு. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் எலும்புகள் இருப்பதாக நம்பப்படும் பொற்பேழை. அப்புறம், ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்து 2007இல் திறந்த சன்னல்: 72 நிறங்களில் 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்கள், ஒரு புனிதர் உருவம்கூடக் கிடையாது. வெயில் அடித்தால் கல்லெல்லாம் வண்ணம். என் ஓட்டு இதற்குத்தான். மேகம் மூடினால் சன்னல் மங்கும். அன்றைக்கு மேலேயும் ஒன்றும் தெரியாது.